வால்வு கிட்டார் ஆம்ப் கிட்: கட்டி முடித்த பின் பழுது கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

கிட்டில் வந்த வால்வு ஆம்ப்பை ராவும் பகலும் உட்கார்ந்து கட்டியாயிற்று. சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை. உடனே எல்லோரும் செய்கிற முதல் காரியம், புது வால்வு வாங்குவது. காவேரிப்பட்டணத்தில் என் மேசைக்கு இதுவரை வந்த கிட் ஆம்ப்களில் வால்வு கெட்டு வந்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் சால்டர், ஒயரிங், ஜாக். அதிலும் முக்கால்வாசியை பிளக் சொருகாமலேயே பிடித்திருக்கலாம். அதனால் கீழே உள்ள வரிசையைத் தாண்டாதீர்கள். முந்தின படியைச் செய்திருந்தால்தான் அடுத்த படியில் எதுவும் எரியாமல் இருக்கும்.

உதாரணத்துக்கு எடுத்திருப்பது ஃபெண்டர் சேம்ப் 5எஃப்1 சர்க்யூட். பெரும்பாலான முதல் கிட் இதுவாகத்தான் இருக்கும். முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7, பவருக்கு ஒரு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு ஒரு 5ஒய்3 என்று மூன்று வால்வு. சுமார் 5 வாட். உங்களுடையது வேறு சர்க்யூட் என்றால் எண்கள் மாறும், வரிசை மாறாது.

1. தொடங்கும் முன்: சாமான்களும் வீட்டு எர்த்தும்

இந்தப் பெட்டிக்குள் 350 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கன்டென்சர்களில் (டிசியைச் சீராக்குபவை) அது தங்கியிருக்கும். வீட்டில் ஆர்சிசிபி (கசிவு கண்டால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) இருக்கிறது என்று தைரியமாக இருக்காதீர்கள். டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கத்து வோல்ட்டேஜில் கை பட்டால் அது டிரிப் ஆகாது. கரன்ட் சுற்றி வருவது செகண்டரிக்குள்ளேயே (டிரான்ஸ்பார்மரின் வெளியீட்டுப் பக்கம்) என்பதால், மெயின்ஸ் பக்கத்தில் அது பார்க்கிற கசிவு எதுவும் இருக்காது.

வேண்டியவை: 1000 வோல்ட் டிசி அளக்கும் மல்டிமீட்டர், முதலை கிளிப் வைத்த ஒயர்கள், 60 வாட் சால்டரிங் அயர்ன், காய்ந்த மூங்கில் குச்சி ஒன்று, கிட்டின் ஒயரிங் படம் பெரிய பிரின்ட்டில், ஒரு ஹைலைட்டர் பேனா. 25 வாட் அயர்னால் சேசிஸில் (ஆம்ப்பின் உலோகத் தட்டு) எர்த் பற்றவைக்க முடியாது. பற்றியது போல் தெரியும், மறுநாள் விட்டுவிடும்.

இரண்டு சாமான்களை நீங்களே செய்ய வேண்டும். முதலாவது டிஸ்சார்ஜ் ஒயர்: 10 கே (கே என்றால் ஆயிரம் ஓம்), 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் கிளிப் வைத்து ஸ்லீவ் போட்டது. முதலில் ஒரு கிளிப்பை சேசிஸில் மாட்டி, பிறகு மற்றதை கன்டென்சரின் பிளஸ்ஸில் மாட்டி, சில விநாடி விட்டு, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சடாரென்று ஷார்ட் செய்கிற பழக்கம் ரேடியோ மெக்கானிக் காலத்து வீரம். கன்டென்சரும் கெடும், கையும் உதறும்.

இரண்டாவது சீரிஸ் பல்பு. மெயின்ஸ் பேஸ் ஒயரில் 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸாகப் போட்ட போர்டு. எல்இடி பல்பு இதற்கு ஆகாது, ஃபிலமென்ட் பல்புதான் வேண்டும். எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் ஊரில் போர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்குப் போங்கள். சுவரில் மாட்டியிருப்பார்கள், ஐந்து நிமிடத்தில் சொல்லித் தருவார்கள். ஆம்ப்பில் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து மின்சாரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும், டிரான்ஸ்பார்மர் பிழைக்கும்.

அடுத்து எர்த். மீட்டரை ஏசியில் வைத்து, பிளக் பாயின்ட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் அளந்தால் கிட்டத்தட்ட 230 வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. பழைய வீடுகளில் எர்த் துளை இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது. தர்மபுரி பக்கம் கோடையில் எர்த் குழியே காய்ந்து கிடக்கும். அதில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகு அளந்து பாருங்கள். எர்த் சரியாகாமல் இரண்டாவது படிக்குப் போக வேண்டாம்.

2. பிளக் இல்லாமல்: படத்தோடு ஒப்பிடுதல்

ஒவ்வொரு ஒயராகக் கையால் மெல்ல இழுத்து, படத்தில் அதே கோட்டின் மேல் ஹைலைட்டர் போடுங்கள். கட்டும்போது ஒருமுறை பார்த்தோமே என்று விடாதீர்கள். கட்டும்போது பார்த்தது, போட வேண்டிய ஒயரை. இப்போது பார்ப்பது, போட்டுவிட்ட ஒயரை. முடிந்தால் வேறு ஒருவரைப் படம் வாசிக்கச் சொல்லுங்கள். என் வீட்டில் பத்தாவது படிக்கும் பையன் வாசிப்பான். அவனுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது என்பதே வசதி, ஊகித்துச் சொல்ல மாட்டான்.

புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் இவை.

பின் எண்ணுவது. சாக்கெட்டை ஒயர் போடும் பக்கத்திலிருந்து பார்த்து, கடிகார முள் சுற்றும் திசையில் எண்ண வேண்டும். 12ஏஎக்ஸ்7 சாக்கெட்டில் பெரிய இடைவெளிக்கு அடுத்தது 1. 6வி6, 5ஒய்3 இரண்டிலும் நடுத்துளையின் வெட்டுக்கு அடுத்தது 1. மேலிருந்து பார்த்து எண்ணியவர் சாக்கெட் முழுக்கக் கண்ணாடி பிம்பமாகப் போட்டிருப்பார்.

ஹீட்டர், அதாவது வால்வைச் சூடாக்கும் கம்பி. 12ஏஎக்ஸ்7-இல் 4, 5 இரண்டையும் சேர்த்து ஒரு ஒயர், 9-க்கு மற்றொரு ஒயர். கிருஷ்ணகிரியிலிருந்து சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கிற தம்பி ஒருவர் வந்தார். "வால்வு வீக்காயிடுச்சுண்ணா, ரெண்டு தடவை மாத்திட்டேன், அப்பவும் சத்தம் ஈனமாத்தான் வருது" என்றார். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். 12ஏஎக்ஸ்7 ஊதுபத்தி நுனி போலக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. ஒரு ஒயர் 4-இல், மற்றது 5-இல், 9 காலி. 12.6 வோல்ட் கேட்கிற இணைப்புக்கு 6.3 வோல்ட் கொடுத்திருக்கிறார். அரை அங்குல ஒயர்த்துண்டில் வேலை முடிந்தது. வாங்கிய இரண்டு வால்வும் ஸ்பேராக அவரிடம் இருக்கின்றன.

ரெசிஸ்டர் நிறம். 22 கே சிவப்பு-சிவப்பு-ஆரஞ்சு, 220 கே சிவப்பு-சிவப்பு-மஞ்சள். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. ஐந்து பட்டை ரெசிஸ்டரில் கணக்கே வேறு. நிறத்தை நம்பாமல், போர்டில் போடும் முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சர் திசை. ஃபில்டரிலும் சரி, 6வி6-இன் கேத்தோடில் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) உள்ள 25 மைக்ரோஃபாரட்டிலும் சரி, மைனஸ் எர்த்துக்கு. திருப்பிப் போட்ட ஃபில்டர் கன்டென்சர் வெடிக்கும்.

டிரை சால்டர், அதாவது சரியாகப் பற்றாத சால்டர். மங்கலாக, மணல் ஒட்டியது போல் இருந்தால் மறுபடி சூடாக்கி, புது ஈயம் கொஞ்சம் கொடுங்கள்.

3. பிளக் இல்லாமல்: ஓம் கணக்கு

வால்வுகளைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். பிளக்கின் எர்த் பின்னிலிருந்து சேசிஸுக்கு 1 ஓமுக்குள். மற்ற இரண்டு பின்னிலிருந்தும் சேசிஸுக்கு ஓப்பன். அந்த இரண்டுக்கும் நடுவே, சுவிட்சைப் போட்டால் சில பத்து ஓம். இதில் ஒன்று தவறினாலும் மேலே போகக்கூடாது.

முதல் ஃபில்டர் கன்டென்சரின் பிளஸ்ஸிலிருந்து சேசிஸுக்கு வைத்தால் மீட்டர் குறைவாகக் காட்டி மெல்ல ஏறும். கன்டென்சர் சார்ஜ் ஆகிறது. பல நூறு கே வரை ஏறினால் நல்லது. உங்கள் கிட்டில் 220 கே பிளீடர் ரெசிஸ்டர் (நிறுத்தியதும் கன்டென்சரை வடிப்பது) இருந்தால் அங்கே நிற்கும். சில கே-யிலேயே நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட்.

6வி6 சாக்கெட்டில் 5-ஆம் பின்னிலிருந்து சேசிஸுக்கு 220 கே, 8-ஆம் பின்னிலிருந்து 470 ஓம். 12ஏஎக்ஸ்7-இன் முதல் பாதி கேத்தோடிலிருந்து 1.5 கே. இரண்டாம் பாதியில் 1.4 கே மட்டும் காட்டும். பயப்பட வேண்டாம், ஸ்பீக்கரிலிருந்து வருகிற 22 கே ஃபீட்பேக் ரெசிஸ்டர் அதற்கு இணையாக நிற்கிறது.

இதே மாதிரி ஏமாற்றும் இன்னொரு இடம் ஸ்பீக்கர் ஜாக். ஸ்பீக்கர் மாட்டியிருக்கும்போது அளந்தால் 1 ஓமுக்கும் குறைவாக வரும். ஷார்ட் என்று நினைத்து ஜாக்கையே மாற்றியவர்கள் உண்டு. அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் செகண்டரி கம்பியே அவ்வளவுதான். ஸ்பீக்கரைக் கழற்றித் தனியாக அளந்தால், 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரை ஓம் அளவில் காட்டும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே சில நூறு ஓம் இருக்க வேண்டும்.

4. சீரிஸ் பல்பில், வால்வு இல்லாமல்

முதலில் பிரைமரி, அதாவது டிரான்ஸ்பார்மரின் மெயின்ஸ் பக்கம். வெளிநாட்டுக் கிட் என்றால் டிரான்ஸ்பார்மர் தாளில் 120 வோல்ட்டுக்கு எந்த நிறம், 230 அல்லது 240-க்கு எந்த நிறம் என்று பார்த்துப் போட்டிருக்கிறீர்களா? எங்கள் பக்கம் தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் மீட்டர் 205 காட்டும், நள்ளிரவில் 245 காட்டும். 220 டேப்பில் (220 வோல்ட்டுக்கான ஒயரில்) 245 கொடுத்தால் 6.3 வோல்ட் ஹீட்டர் 7 வோல்ட் ஆகிவிடும். பத்து சதவீதம் வரைதான் தாங்கும், அதாவது 6.9. ஆகவே 240 டேப் இருந்தால் அதையே போடுங்கள்.

ஃபியூஸ் கிட் சொன்னதுதான், ஸ்லோ-ப்ளோ (மெதுவாக உருகும்) வகையில். மெயின் போர்டில் செய்வதுபோல் ஒயர் பிரியை முறுக்கிச் சொருகாதீர்கள்.

சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒருமுறை மின்னி அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். செகண்டரி ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி இன்சுலேட் செய்து மறுபடி பாருங்கள். எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ அந்தப் பக்கம் ஷார்ட். எல்லாம் கழற்றியும் எரிந்தால் பிரைமரி இணைப்பு தவறு, இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மரே போச்சு.

பல்பு அணைந்தால் ஏசி அளவுகள். கறுப்பு புரோபைக் கிளிப்பால் சேசிஸில் மாட்டிவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வையுங்கள். சிவப்பு புரோப் மீட்டரின் வோல்ட் துளையில் இருக்கிறதா, 10 ஆம்பியர் துளையில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஆம்பியர் துளையில் வைத்து வோல்ட்டேஜ் அளப்பது நேரடி ஷார்ட்.

ஹைவோல்ட்டேஜ் இரு சிவப்பு ஒயரும் எர்த்துக்கு ஒரே அளவு காட்ட வேண்டும். 325-0-325 டிரான்ஸ்பார்மர் என்றால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 325. இரண்டு சிவப்புக்கும் நடுவே அளக்காதீர்கள், 650 வரும், பல மீட்டர்களுக்கு அது எல்லையை ஒட்டியது. இரு பக்கமும் ஏறுமாறாக ஆடினால் நடு டேப் எர்த்தில் சேரவில்லை. ஹீட்டர் இப்போது 6.8 காட்டினால் கவலை இல்லை, லோடு இல்லாததால் கூடியிருக்கிறது.

5. ரெக்டிஃபையர் மட்டும்

நிறுத்தி, 5ஒய்3 மட்டும் மாட்டி, சீரிஸ் பல்பிலேயே மறுபடி போடுங்கள். இந்தப் படியைப் பல்பு இல்லாமல் செய்யக்கூடாது. மற்ற வால்வுகள் மின்சாரம் இழுக்காதபோது டிசி, ஏசியின் 1.414 மடங்கு வரை ஏறும். 325-க்கு அது 460 வோல்ட். உங்கள் ஃபில்டர் கன்டென்சரில் எழுதியிருப்பது 450. அதனால் சூடானதும் ஒரு முறை அளந்துவிட்டு உடனே நிறுத்திவிடுங்கள்.

பார்க்க வேண்டியது ஒன்றே. மூன்று ஃபில்டர் கன்டென்சரிலும் ஒரே வோல்ட்டேஜ் இருக்க வேண்டும். நடுவில் 10 கே, 22 கே ரெசிஸ்டர்கள் இருந்தாலும் அவற்றில் கரன்ட் ஓடவில்லை, அதனால் இறக்கமும் இல்லை. இரண்டாவதோ மூன்றாவதோ குறைவாக இருந்தால், அங்கே யாரோ கரன்ட் குடிக்கிறார்கள். அந்த இடத்துக் கன்டென்சரையும் அதிலிருந்து பிரிகிற ஒயரையும் சோதியுங்கள்.

5ஒய்3-இன் மஞ்சள் ஒயர் ஜோடி 5 வோல்ட்தானே என்று கை வைத்துவிடாதீர்கள். ஹைவோல்ட்டேஜ் டிசி வெளியே வருவதே அதன் 8-ஆம் பின்னில்தான்.

6. எல்லா வால்வும்: வோல்ட்டேஜ் எழுதுதல்

நிறுத்தி, டிஸ்சார்ஜ் செய்து, மற்ற வால்வுகளை மாட்டுங்கள். ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறதா? ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பில் சிக்னல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியில் வோல்ட்டேஜ் எகிறி இன்சுலேஷன் ஓட்டையாகும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் பழகியவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். அங்கே ஸ்பீக்கரைக் கழற்றுவது பாதுகாப்பு, இங்கே ஆபத்து.

சீரிஸ் பல்பில் போட்டால் பல்பு இப்போது அரை வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கும், அது சரிதான். அந்த நிலையில் எடுக்கிற அளவு எதுவும் செல்லாது. புகை, வாடை இல்லை என்றால் பல்பை விட்டுவிட்டு நேரடியாக மெயின்ஸில் போடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு 6வி6-ஐப் பாருங்கள். உள்ளே ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் எரியலாம், வெளியே சாம்பல் நிறத் தகடு (பிளேட்) சிவக்கக்கூடாது. சிவந்தால் நிறுத்துங்கள்.

ஐந்து நிமிடம் விட்டு அளந்து, தாளில் எழுதுங்கள். 5எஃப்1-இல் ஏறத்தாழ இப்படி வரும், அடைப்புக்குள் இருப்பது பின் எண். 6வி6 பிளேட் (3) 320 முதல் 350, ஸ்கிரீன் (4) 280 முதல் 310, கேத்தோடு (8) 17 முதல் 20, சிக்னல் நுழையும் கிரிட் (5) பூஜ்யம். 12ஏஎக்ஸ்7 பிளேட்கள் (1, 6) 130 முதல் 180, கேத்தோடுகள் (3, 8) 1.2 முதல் 1.6.

கேத்தோடு வோல்ட்டேஜ்தான் நாடி. 6வி6-இல் 18 வோல்ட் என்றால், 470 ஓமால் வகுத்தால் 38 மில்லி ஆம்பியர். அதில் ஸ்கிரீனுக்கு இரண்டு மூன்று போக, பிளேட்டுக்கு 36. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 322 வோல்ட் என்றால் பெருக்கி வருவது 11.6 வாட். 6வி6ஜிடி-யின் உச்சம் 14 வாட். வால்வு நிம்மதியாக இருக்கிறது.

எண்கள் விலகினால் இப்படிப் படியுங்கள்.

கேத்தோடு பூஜ்யம், பிளேட் வழக்கத்தைவிடக் கூடுதல்: வால்வில் கரன்ட் இல்லை. ஹீட்டர் எரிகிறதா, ஸ்கிரீனுக்கு வோல்ட்டேஜ் வருகிறதா, சாக்கெட் பின் பிடிக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் மட்டும் வால்வைச் சந்தேகப்படலாம்.

கேத்தோடு பூஜ்யம், தகடு சிவப்பு: கேத்தோடு கன்டென்சர் ஷார்ட்.

கேத்தோடு பல பத்து வோல்ட்: 470 ஓம் ரெசிஸ்டர் ஓப்பன், அல்லது அதன் எர்த் டிரை சால்டர்.

பிளேட் பூஜ்யம், ஸ்கிரீன் சரி: அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பிரைமரி ஓப்பன். உடனே நிறுத்துங்கள், கரன்ட் முழுவதும் ஸ்கிரீன் வழியாகப் போய் அது பழுக்கும்.

கிரிட்டில் ஒரு வோல்ட்டுக்கு மேல் பிளஸ்: 12ஏஎக்ஸ்7-இலிருந்து சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கன்டென்சர் கசிகிறது. மாற்றுங்கள்.

12ஏஎக்ஸ்7 பிளேட்டில் சப்ளை வோல்ட்டேஜ் அப்படியே நின்றால் அந்தப் பாதி வேலை செய்யவில்லை. 1.5 கே ரெசிஸ்டரையும் ஹீட்டரையும் பாருங்கள்.

7. வோல்ட்டேஜ் சரி, சத்தம் இல்லை

ஸ்பீக்கரிலிருந்து முன்னோக்கி வர வேண்டும். வால்யூமைக் கொஞ்சம் திறந்து, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, 6வி6-இன் 5-ஆம் பின்னைப் புரோப்பால் தொடுங்கள். லேசாக ஒரு 'டுப்' வரும். வந்தால் அங்கிருந்து ஸ்பீக்கர் வரை சரி. அடுத்து 12ஏஎக்ஸ்7-இன் இரண்டாம் கிரிட், பிறகு வால்யூமின் நடு முனை, பிறகு முதல் கிரிட். ஒவ்வொரு கிரிட்டுக்கும் சத்தம் கூடிக்கொண்டே வர வேண்டும், வால்யூமின் நடு முனையில் மட்டும் இரண்டாம் கிரிட்டின் அளவே வரும். எங்கே நின்றதோ, பழுது அதற்கும் முந்தின இடத்துக்கும் நடுவே. விரலால் தொட்டுப் பார்க்கிற பழைய மெக்கானிக்குகளைப் பார்த்திருப்பீர்கள், செய்யாதீர்கள்.

முதல் கிரிட்டில் சத்தம் வந்து, கிட்டார் மாட்டினால் வரவில்லை என்றால் இன்புட் ஜாக். கிட்டார் இல்லாதபோது கிரிட்டை எர்த்தோடு சேர்க்கிற தகடு அதில் இருக்கிறது. அதை மாற்றிப் போட்டால் கிட்டார் சொருகும்போதுதான் ஷார்ட் ஆகும். கேபிளைச் சொருகி, டிப் எர்த்தில் இருக்கிறதா என்று ஓமில் பார்த்தால் தெரிந்துவிடும்.

8. உறுமல்

புதியவர்கள் அதிக நாள் தவிப்பது இதில்தான். முதலில் எந்த உறுமல் என்று பிரிக்க வேண்டும். நம் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். ஃபில்டர் சரியில்லை என்றால் வருவது 100 ஹெர்ட்ஸ், ஹீட்டரிலிருந்தோ எர்த்திலிருந்தோ வருவது 50. அமெரிக்கக் குறிப்புகளில் 60, 120 என்று இருக்கும், அதை வைத்துத் தேடாதீர்கள்.

பிரிக்க மீட்டர் வேண்டாம், கையில் கிட்டார் இருக்கிறதே. தடித்த ஈ கம்பியின் மூன்றாம் ஃபிரெட் 98 ஹெர்ட்ஸ். ஆம்ப்பில் மாட்டாமல் அதை மீட்டிப் பாருங்கள். உறுமல் அந்தச் சுருதியோடு ஒட்டினால் 100. அதைவிட ஒரு ஸ்தாயி கீழே புழுங்கினால் 50.

அடுத்து, நிறுத்தி 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றி மறுபடி போடுங்கள். உறுமல் அப்படியே இருந்தால் பவர் சப்ளையோ 6வி6 பக்கமோ. போய்விட்டால் முன்பகுதி. வால்யூமைத் திருப்பினால் உறுமல் மாறுகிறது என்றால் வால்யூமுக்கு முன்னால், மாறவில்லை என்றால் பின்னால்.

100 என்றால் ஃபில்டர் கன்டென்சரின் எர்த் சால்டரை முதலில் பாருங்கள். கன்டென்சர் கெட்டிருப்பது அபூர்வம், புதுக் கிட்டில் சால்டர் விடுபட்டிருப்பதுதான் வழக்கம். 50 என்றால் ஹீட்டர். பச்சை ஒயர் இரண்டும் நெருக்கமாக முறுக்கியிருக்க வேண்டும், கிரிட் ஒயரைக் குறுக்கே வெட்டலாம், கூடவே ஓடக்கூடாது. ஹீட்டரின் நடு டேப் எர்த்தில் இருக்க வேண்டும். நடு டேப் இல்லாத டிரான்ஸ்பார்மரில், இரு பக்கத்திலிருந்தும் 100 ஓம் ஒவ்வொன்று எர்த்துக்குப் போட வேண்டும். கிட்டில் இதை விட்டுவிட்டுக் கட்டியவர்கள் ஏராளம்.

எல்லாம் செய்தும், காதை ஸ்பீக்கரில் வைத்தால் மட்டும் கேட்கிற அளவு மிச்சம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒற்றைப் பவர் வால்வு ஆம்ப்பின் சுபாவம் அது. பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றினால் உறுமல் போகும் என்று யாராவது சொல்வார்கள். கிட்டார் கம்பியும் உங்கள் விரலும் அந்த எர்த்தில்தான் இருக்கின்றன.

9. ஊளை, கரகரப்பு

முதன்முதலில் போட்டதும் ஊளையிட்டால் 22 கே ஃபீட்பேக் ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கழற்றிப் பாருங்கள். ஊளை நின்றால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் திசை மாறியிருக்கிறது. டிஸ்சார்ஜ் செய்துவிட்டு நீலத்தையும் சிவப்பையும் இடம் மாற்றுங்கள், ரெசிஸ்டரைத் திரும்பச் சேருங்கள். நிற்காவிட்டால் இன்புட் கிரிட் ஒயர் ஏதோ பிளேட் ஒயரோடு ஒட்டி ஓடுகிறது. குச்சியால் தள்ளித் தள்ளிப் பாருங்கள்.

கரகரப்புக்கும் அதே குச்சிதான். ஆம்ப் ஓடும்போது ஒவ்வொரு சால்டரையும் மெல்லத் தட்டுங்கள், எங்கே தட்டினால் சத்தம் வருகிறதோ அங்கே அயர்ன். 12ஏஎக்ஸ்7-ஐத் தட்டினால் மணி அடித்தது போல் வந்தால் அது மைக்ரோஃபோனிக், அதாவது அதிர்வைச் சத்தமாக்குகிற வால்வு. இங்கே நிஜமாகவே வால்வை மாற்றலாம். வால்யூம் திருப்பும்போது மட்டும் கரகரத்தால், அதன் முனையில் டிசி நிற்கிறதா என்று அளந்துவிட்டுப் பிறகு கிளீனர் அடியுங்கள்.

10. மூடும் முன்

ஒரு மணி நேரம் வாசித்துச் சூடேற்றி, ஆறாம் படியின் அளவுகளை மறுபடி எடுங்கள். சூட்டில் கேத்தோடு வோல்ட்டேஜ் ஏறிக்கொண்டே போனால் மூடாதீர்கள், கப்ளிங் கன்டென்சரையும் 5-ஆம் பின்னின் 220 கே-யையும் மறுபடி பாருங்கள். நிலையாக இருந்தால் அந்த எண்களை, தேதியோடும் அன்றைய மெயின்ஸ் வோல்ட்டேஜோடும் தாளில் எழுதி, கேபினெட் உள்பக்கம் ஒட்டிவிட்டு மூடுங்கள்.